ஊக்கத்துணை

சென்னியப்பனின் வலது கை செத்துப்போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்தக் கை, மனைவி கலாமணியைக் கண்டால் மட்டும் பாடியது. உறவுக்காரர்கள் எல்லாரும் அதைக் கேட்டு உருகினார்கள். கலாமணிக்கு மட்டும் அதைக் கேட்கப் பிடிக்கவில்லை.

கொஞ்சம் முன்னாலிருந்து சொன்னால்தான் விஷயம் பிடிபடும். சென்னியப்பன் திருச்செங்கோட்டு ரிக்காரர். போர்வெல் போடுகிற ரிக் லாரி மூன்று வைத்திருந்தார். வண்டியோடு வடக்கே போனால் இரண்டு மாதம் கழித்துத்தான் வீட்டுப் பக்கம் வருவார். வந்தால் பத்துப் பதினைந்து நாள் தங்குவார். அப்படித் தங்கியிருந்தபோதுதான் ஒரு நாள் காலை குளியலறையில் விழுந்தார். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. உயிரைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். காலை இழுத்து இழுத்து நடக்கவும் வந்துவிட்டது. வலது கையும் பேச்சும் மட்டும் வரவில்லை. வாயில் மிஞ்சியது "அதான்" என்கிற ஒரே சொல். தண்ணீர் வேண்டும் என்றாலும் அதான், வேண்டாம் என்றாலும் அதான்.

கைக்கு வைத்தியம் பார்க்க வந்தவள் நஸ்ரின். சேலத்துப் பெண், பிசியோதெரபிஸ்ட், முப்பது வயது இருக்கும். தோளிலிருந்து விரல் நுனிவரை இழுத்து மாட்டுகிற கறுப்பு உறை ஒன்றையும், ஜன்னல் மேடையில் வைக்கிற சின்ன ஸ்பீக்கர் ஒன்றையும், ஒரு டேப்லெட்டையும் கொண்டுவந்தாள்.

"சாரோட மூளை கைக்கு இன்னும் தகவல் அனுப்பிட்டுத்தான் இருக்குக்கா" என்றாள் முதல் நாள். "வழி உடைஞ்சு கிடக்கறதால கொஞ்சூண்டுதான் தசை வரைக்கும் வந்து சேருது. அதை வச்சுக் கை அசையாது. ஆனா இந்த உறைக்கு அது கேக்கும். கேட்டதைச் சங்கீதமா மாத்தி வெளியில விடும்."

"அசையாத கைக்குப் பாட்டு எதுக்குங் கண்ணு?"

"நாம கையைத் தூக்கினா கண்ணு பாக்குது, மூளைக்கு 'ஆச்சு'ன்னு பதில் போகுது. சாருக்கு அந்தப் பதிலே போறதில்ல. பதில் வராத இடத்துக்கு எத்தனை நாள்தான் மூளை தகவல் அனுப்பிட்டே இருக்கும்? சலிச்சு விட்டுடும். இப்ப பாட்டுதான் பதில். 'நீ நினைச்சது கேட்டுச்சு, இன்னொரு தடவை நினை'ங்குது. நினைக்க நினைக்க வழி சீராகும். ஒருநாள் கை நிஜமாவே எழும்பிடும்."

தோளுக்கு வீணையின் கனத்த தந்தி, முழங்கைக்குப் புல்லாங்குழல், விரல்களுக்கு ஜலதரங்கம். பத்து நாள் மூன்றும் வாயைத் திறக்கவில்லை. எப்போதாவது வீணை ஒருமுறை முனகும், அவ்வளவுதான். பதினோராம் நாள் கலாமணி கஞ்சிக் கிண்ணத்தோடு உள்ளே வந்தாள். வீணை எழும்பியது. அதன் மேல் குழல் ஏறியது. கடைசியில் ஜலதரங்கத்தின் ஐந்து கிண்ணங்களும் ஒன்றாகச் சேர்ந்து ஒலித்தன. நான்கு விநாடி இருக்கும். கேட்க அழகாகத்தான் இருந்தது.

நஸ்ரின் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தாள். "அக்கா, வெளியில போயிட்டு மறுபடியும் வாங்க!"

போய் வந்தாள். மறுபடியும் வீணை, குழல், ஜலதரங்கம். அதே வரிசை.

அன்றே நஸ்ரின் படிவத்தில் 'ஊக்கத்துணை' என்று போட்டிருந்த கட்டத்தில் கலாமணியின் பெயரை எழுதிவிட்டாள். ஊக்கத்துணை என்றால் நோயாளியின் தசையை அதிகம் உசுப்புகிற ஆள். காலை பத்து மணிக்கு நாற்பது நிமிடம், மாலை நான்கு மணிக்கு நாற்பது நிமிடம், கலாமணி அந்தக் கைக்கு எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை.

மகள் ஹரிணி பெங்களூரில் வேலை. அப்பா விழுந்ததிலிருந்து வீட்டிலிருந்தே பார்க்கிறாள். அவள் அந்த நான்கு விநாடியை வீடியோ எடுத்து, 'அம்மாவுக்காகப் பாடும் அப்பாவின் கை' என்று எழுதிச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டாள். இதய பொம்மைகள் கொட்டின. அந்த வாரமே சென்னியப்பனின் அக்கா பாக்கியம் ஒரு பை முறுக்கோடு கச்சேரி கேட்க வந்துவிட்டாள். சட்டமாகச் சோபாவில் உட்கார்ந்து கேட்டுவிட்டு மூக்கைச் சிந்தினாள்.

"இருவத்திநாலு வருசம் வாழ்ந்த வாழ்க்கை இல்லியா? மனுசன் மறந்தாலும் கை மறக்குமா? நீ குடுத்து வச்சவ கலா."

கை மறக்காது என்பதில் கலாமணிக்கும் சந்தேகமில்லை. அவளுடைய சந்தேகம் வேறு. அந்தக் கை இருபத்திநாலு வருடமாக அவளை என்ன செய்துவந்தது என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

தினமும் அடித்தார் என்று சொல்ல முடியாது. ஊரில் இருக்கிற பதினைந்து நாளில் இரண்டு தடவை, மூன்று தடவை. பைக் சாவி வைத்த இடத்தில் இல்லை. போன் மூன்று முறை அடித்தும் எடுக்கவில்லை. விருந்தாளி முன்னால் சிரித்துப் பேசிவிட்டாள். கதவைச் சாத்திவிட்டு ஒரே அறை. அதற்கு மேல் ஒன்றும் இருக்காது. பத்து நிமிடத்தில் காபி கேட்பார். ஒவ்வொரு அறைக்கும் பிறகு கலாமணி உட்கார்ந்து, தான் எங்கே தப்புப் பண்ணினோம் என்று யோசிப்பாள். ஏதாவது ஒன்று அகப்படும். அதை அடுத்த முறை செய்யமாட்டாள். ஊரில் அவருக்கு நல்ல பெயர். மகளைத் தரையில் விடாமல் வளர்த்தவர். அப்பாவைப் பற்றி ஹரிணியிடம் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்ல கலாமணிக்கு வாய் வந்ததில்லை.

அவர் விழுந்த பிறகு எட்டு மாதம் அவள் நிம்மதியாகத் தூங்கினாள். அதற்காக வெட்கப்பட்டாள். அந்த வெட்கத்தில் அவரை இன்னும் சுத்தமாகக் குளிப்பாட்டினாள், இன்னும் பக்குவமாக ஊட்டினாள்.

இப்போது சந்தேகம் வந்துவிட்டது. வந்த சந்தேகத்தைச் சும்மா விடுகிற பெண் இல்லை அவள். சோதித்துப் பார்த்தாள். கையைக் கட்டிக்கொண்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தால் வீணை மட்டும் லேசாக முனகியது. தங்கையோடு போனில் பேசி வாய்விட்டுச் சிரித்தால் மூன்றும் முழுதாக வந்தன. டம்ளரை வேண்டுமென்றே கீழே போட்டாள், ஸ்பீக்கர் அதிர்ந்தது. டிவி ரிமோட்டைத் தேடுவது போல் அலைந்தாள், அதற்கும் வந்தது. சென்னியப்பன் முகத்தில் எதுவும் தெரியவில்லை. அவர் சுவரைப் பார்த்து "அதான், அதான்" என்றார்.

ஒரு நாள் மத்தியானம் படுக்கையறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு பீரோ கண்ணாடி முன்னால் நின்றாள். தன் வலது கையை ஓங்கிப் பார்த்தாள். நாற்பத்தாறு வயதில் அவள் கை ஓங்குவது அதுதான் முதல் தடவை. முதலில் தோள் எழும்பியது. பிறகு முழங்கை மடங்கிப் பின்னால் போனது. வீசுகிற நேரத்தில் ஐந்து விரலும் தாமாகவே ஒட்டிக்கொண்டன. வீணை, குழல், ஜலதரங்கம். கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

இருந்தாலும் தன்மேலேயே அவளுக்கு ஒரு சந்தேகம். அந்தக் கை வராமலே இருந்தால் நல்லது என்று உள்ளுக்குள் ஆசைப்படுகிறோமோ? அந்த ஆசைதான் இப்படிக் காதில் கேட்கிறதோ? நஸ்ரினைத் தனியாகப் பிடித்துக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். ஹரிணி ஆபீஸ் மீட்டிங்கில் இருந்த நேரம் பார்த்துச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"ஏன் அம்மிணி, அந்தப் பாட்டு எந்த வேலைக்குண்டானதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா. நாங்க எந்த அசைவையும் சொல்லிக் குடுக்கறதில்ல. நோயாளி மனசார எதைச் செய்யப் பாக்கறாரோ அதை மெஷினே கண்டுபிடிச்சு, அதைச் சுத்தித்தான் பயிற்சியை வளர்க்கும். அதை 'விதை அசைவு'ன்னு சொல்லுவோம். குமாரபாளையத்துல ஒரு டெய்லருக்குத் துணி வெட்டறது வந்துச்சு. இன்னொருத்தருக்கு வேட்டி கட்டறது. சாருக்கு வந்தது..." நஸ்ரின் கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தாள். "கையைத் தூக்கி உங்க கன்னத்தைத் தொடறது. படமே இருக்கு, காட்டட்டுமா?"

டேப்லெட்டில் குச்சிகளால் வரைந்த ஒரு கை தெரிந்தது. தசையில் தெம்பு இருந்திருந்தால் அந்தக் கை எப்படிப் போயிருக்கும் என்று மெஷின் போட்ட கணக்கு அது. குச்சிக் கை மெல்ல எழும்பியது, நிதானமாக மடங்கியது, முன்னால் நீண்டு, உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் முக உயரத்தில் வந்து நின்றது. பின்னணியில் அதே இசை. பார்க்கிற யாருக்கும் பாசம் என்றுதான் தோன்றும்.

"ஹரிணிக்கும் காட்டினேன்க்கா. அழுதுட்டா."

"நெசமாலுமே இத்தன மெதுவாவா போகுது?"

"இல்லக்கா. படமும் பாட்டும் எட்டு மடங்கு நிதானமாக்கித்தான் வரும். நோயாளி அந்த வேகத்துலதானே பழக முடியும்? எல்லார் வீட்லயும் அப்படித்தான்."

"நெச வேகத்துல ஒரு தடவ போடு."

"அது எதுக்குக்கா? யாரும் அப்படிப் பாக்கறதில்ல."

"நாம் பாக்கோணும். போடு."

நஸ்ரின் இரண்டு மூன்று இடத்தில் தட்டித் தேடினாள். அவளே அதுவரை அந்தப் பக்கத்துக்குப் போனதில்லை என்று தெரிந்தது. பிறகு போட்டாள்.

குச்சிக் கை அரை விநாடியில் ஓங்கி வீசி முடித்துவிட்டது. மூன்று வாத்தியங்களும் ஒன்றோடொன்று மோதி ஒரே ஒரு வெட்டுச் சத்தமாகக் கேட்டன. கலாமணி தன்னை அறியாமல் கண்ணை மூடித் தலையைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டாள்.

நஸ்ரின் படத்தைப் பார்க்கவில்லை. கலாமணியின் கழுத்து திரும்பிய விதத்தைத்தான் பார்த்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அப்புறம் நஸ்ரின்தான் போய் அடுப்பை அணைத்தாள்.

"எத்தனை வருஷமாக்கா?"

"அதெல்லாம் எதுக்கு அம்மிணி. இப்ப என்ன பண்றதுன்னு சொல்லு."

நஸ்ரின் ஒரு வாரம் முயன்றாள். விதை அசைவை மாற்றப் பார்த்தாள். கஞ்சிக் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோவது, சட்டைப் பொத்தான் போடுவது, ரிக் வண்டியின் லீவரை இழுப்பது என்று ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். லீவருக்குக்கூட வீணை ஒரு முனகல் முனகியது. அதற்கு மேல் எதுவும் இல்லை.

"வேற எதுக்கும் அவர் மனசு வைக்க மாட்டேங்கறார்க்கா" என்றாள் கடைசியில். "அந்த ஒரு அசைவை வளர்த்தா மத்ததெல்லாம் பின்னாடியே வரும். சாப்பிடறது, பொத்தான் போடறது எல்லாம். அதை விட்டா ஒண்ணும் வராது. வருஷம் முடிஞ்சா வழியும் மூடிக்கும். இன்னும் நாலு மாசம்தான்."

"அப்ப நான் உக்காந்தா கை வரும். உக்காரலீன்னா வராது."

"அப்படித்தான்." நஸ்ரினுக்குக் கண் கலங்கிவிட்டது. "அவர் என் பேஷண்ட். கையை வரவிடாம பண்ணச் சொன்னா என்னால முடியாதுக்கா. ஆனா, போய் உக்காருங்கன்னும் இனிமே நான் சொல்ல மாட்டேன்."

"ஹரிணிக்கு இது தெரியக் கூடாது. எனக்குச் சத்தியம் பண்ணிக் குடு."

"அவளுக்குத் தெரியறது நல்லதுக்கா."

"அப்பனும் மகளுமா நல்லா இருக்கறாங்க. அதக் கெடுக்கறதுக்கு நான் யாரு? சத்தியம் பண்ணு."

நஸ்ரின் மனசில்லாமல் கையில் அடித்துக் கொடுத்தாள்.

கலாமணி அதற்குப் பிறகும் மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தாள். நாற்பது நிமிடமும் குச்சிக் கையின் நிஜ வேகம்தான் கண்ணுக்குள் ஓடியது. வீணை எழும்புகிறபோதே கன்னம் எரிந்தது. தன்னை அறையப் போகிற கைக்குத் தானே பக்கத்தில் உட்கார்ந்து சாதகம் பண்ணிக் கொடுப்பதா? நான்காம் நாள் காலை, கோபியில் இருக்கும் தங்கைக்கு ஆபரேஷன், துணைக்கு ஆளில்லை என்று ஒரு பொய்யைச் சொல்லி இரண்டு புடவையை மடித்துப் பையில் வைத்தாள்.

ஹரிணிக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்பாவுக்கு நல்லா வந்துட்டிருக்கற நேரத்துல இப்படிப் போறியேம்மா? நீ உக்காந்தாத்தான் அவருக்குக் கை வரும்னு தெரியும்ல? சித்திக்கு வேற யாருமே இல்லியா?"

"பத்து நாள்தான் கண்ணு. வந்துருவேன்."

"உனக்கு எப்பவுமே அப்பா மேல அக்கறை கம்மிதாம்மா." சொன்ன பிறகு ஹரிணிக்கே அது அதிகம் என்று பட்டிருக்க வேண்டும். ஆனால் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. கலாமணி பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். ஈரோடு தாண்டும் வரை அழுதாள்.

கோபியில் தங்கை எதையும் துருவிக் கேட்கவில்லை. சாப்பாடு போட்டாள், படுக்க இடம் காட்டினாள். கலாமணி காலை பத்து மணியானால் கடிகாரத்தைப் பார்ப்பாள், மாலை நான்கு மணியானால் மறுபடி பார்ப்பாள். இந்நேரம் உறை மாட்டியிருப்பார்கள், ஸ்பீக்கர் பேசாமல் கிடக்கும் என்று நினைப்பாள். ஒரு மனுசனின் கையைச் சாகவிட்டுவிட்டு வந்திருக்கிறோம் என்ற எண்ணத்தில் சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் தள்ளிவைப்பாள். திரும்பிப் போய்விடலாமா என்றுகூட ஒரு தடவை பையை எடுத்தாள்.

ஒன்பதாம் நாள் காலை பத்து இருபதுக்கு ஹரிணியின் போன் வந்தது. பழைய கோபமெல்லாம் போய், குரலில் ஒரே குதூகலம்.

"அம்மா! அப்பா கை எனக்கும் பாடுதும்மா!"

கலாமணிக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை.

"நீ போனதும் ஸ்பீக்கர் ஊமையாயிடுச்சு. அதான் நஸ்ரின் அக்காகிட்ட, நான் உக்காரறேன், என் பேரை ஊக்கத்துணைன்னு போடுங்கன்னு சொன்னேன். முதல்ல ரொம்ப யோசிச்சாங்க. அப்புறம், ஆள் மாறினா அசைவும் மாறலாம், பாக்கலாம்னு ஒத்துக்கிட்டாங்க. நாலு நாள் ஒண்ணுமே இல்ல. நேத்து லேசா வந்துச்சு. இன்னிக்கு முழுசா வந்துடுச்சு! அக்கா இன்னும் பாக்கல, நாளைக்குத்தான் வருவாங்க. இரு, ரெக்கார்டு பண்ணினதைப் போடறேன்."

வீணை எழும்பியது. அதன் மேல் குழல் ஏறியது. ஐந்து கிண்ணங்களும் ஒன்றாக ஒலித்தன.

"அதே பாட்டுதாம்மா. ஒரு சுரம்கூட மாறல. அப்புறம் கேளு, சுண்டுவிரல் நிஜமாவே அசைஞ்சிடுச்சு! என் கண்ணால பாத்தேன்."

கலாமணி குறுக்கிட்டாள். "அது வந்தப்ப நீ என்ன பண்ணீட்டிருந்தே?"

"ஒண்ணுமில்லம்மா. கஞ்சி குடுத்தேன். போதும்ங்கற மாதிரி மூஞ்சியைத் திருப்பினாரு. இன்னும் ரெண்டு வாய்தான்னு கிண்ணத்தை நீட்டினேன். அவ்வளவுதான்."

அவ்வளவுதான். இரண்டு வாய்க் கஞ்சி. இருபத்திநாலு வருடமாகத் தன்னிடம் தேடித் தேடி அவள் திருத்திக்கொண்ட தப்புகளெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. சாவி, போன், சிரிப்பு. அவற்றில் ஒன்றுகூட அந்தக் கைக்குத் தேவையாக இருந்ததில்லை. தரையில் விடாமல் தூக்கி வளர்த்த மகளுக்கும் அந்தக் கை அதே அறையைத்தான் வைத்திருந்தது. எட்டும் தூரத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் போதும். கலாமணிக்கு முதலில் வந்தது கோபம். இத்தனை வருடத்தில் அவர்மேல் வராத கோபம் மொத்தமும் ஒரே நேரத்தில் வந்தது. வாயை மூடிக்கொண்டு மகளை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது தான்தானே என்று அதில் பாதி தன்மேலேயே திரும்பியது.

"அம்மா? லைன்ல இருக்கியா?"

"இருக்கறேன். நீ எந்திரிச்சு வாசலுக்கு வா."

"ஏம்மா, இன்னும் இருவது நிமிஷம் பயிற்சி இருக்கு."

"கெடக்குது. அந்த உறையக் கழட்டிப்போட்டுட்டு வெளிய வான்னு சொல்றனில்ல."

அம்மா அப்படி அதட்டி ஹரிணி கேட்டதேயில்லை. செருப்பு உரசுகிற சத்தமும் கதவு திறக்கிற சத்தமும் போனில் கேட்டன. தெருவில் ஒரு ஸ்கூட்டர் போனது.

"வந்துட்டேன். என்னம்மா? சித்திக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

"சித்திக்கு ஆபரேஷனெல்லாம் ஒண்ணுமில்ல. நான் சொன்னது பொய். நான் அடுத்த பஸ்ஸப் புடிச்சு வந்தர்றேன். அது வரைக்கும் நீ அந்தக் கைக்குப் பக்கத்துல போயி உக்காரப்படாது."

"அம்மா, பயமுறுத்தாம சொல்லு. என்ன ஆச்சு?"

கலாமணி போனை வலது காதில் இன்னும் நெருக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு எடது காது ஏன் கேக்கறதில்லைன்னு உனக்குத் தெரியுமா கண்ணு?"

"தெரியுமே. எனக்கு அஞ்சு வயசு இருக்கறப்ப மாடிப்படியில விழுந்துட்டே. நீதானே சொல்லுவே."

"உனக்கு அஞ்சு வயசுல" என்றாள் கலாமணி, "நம்ம ஊட்டுக்கு மாடியே கட்டல கண்ணு."